சேம அச்சும் பிரேக் ஆயிலும்

இலக்கியம் பேசும் இடத்தில் பிரேக் ஆயிலைப் பற்றி எழுத நேரும் என்று நாம் எண்ணியதில்லை. தமிழ் கற்பிப்பவருக்கு வேகக் கார்களைப் பற்றி என்ன தெரியும் என்று நண்பர்கள் கேட்கலாம், கேள்வி நியாயமானதே. நம்மிடம் உள்ள தகுதி ஒன்றுதான். நம் தந்தையார் பேருந்துப் பணிமனையின் பிரேக் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். பள்ளி விடுமுறைகளில் அவருக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுபோகும்போதெல்லாம், தேய்ந்த லைனிங்கைத் தட்டிக் கழற்றிவிட்டுப் புதியதை ரிவெட் அடிக்கும் ஓசையைக் கேட்டு வளர்ந்தோம். பணிமனைக்குப் புதிதாக வந்த வண்டியின் இழுவையை எவரேனும் வியந்து பேசினால் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: “ஓடறது சரி, நிக்குதா?”

அந்தக் கேள்வியை மீண்டும் எழுப்பவேண்டிய தேவை நம் குடும்பத்திலேயே வந்தது.

தமக்கையின் மகன் கோவையில் மென்பொருள் பணியில் இருக்கிறான். இளமையிலிருந்தே கார்ப் பித்து. இரண்டு லிட்டர் டர்போ எஞ்சினும் இருநூறுக்கு மேற்பட்ட குதிரைத்திறனும் கொண்ட ஐரோப்பியக் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினான். ஏழு வயதான வண்டி. அறுபத்தெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடியது. மேற்கொண்டு செலவிட இரண்டு லட்சம் ரூபாயை ஒதுக்கி, பட்டியல் ஒன்றும் எழுதிவைத்திருந்தான். எஞ்சினின் கணினி மென்பொருளைத் திருத்தித் திறனைக் கூட்டும் ரீமேப், உறுமும் சைலன்சர், திறந்த ஏர் ஃபில்டர், பெரிய அலாய் வீல், வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங். ஐந்து வரிகள். அவற்றுள் ஒன்றுகூட வண்டியை நிறுத்துவதற்கானதன்று.

“பிரேக் ஆயில் எப்ப மாத்தினது?” என்று கேட்டோம்.

“பிரேக்கெல்லாம் கம்பெனிதே நல்லாத்தான் இருக்குதுங்க மாமா” என்றான்.

அவன் சொன்னது பொய்யன்று. நகரத்துச் சிக்னல்களில் அந்த பிரேக் நன்றாகவே இருந்தது. தை மாத விடுமுறையில் தமக்கையையும் அழைத்துக்கொண்டு அனைவரும் வால்பாறை சென்று திரும்பினோம். ஆழியாற்றுக்கும் வால்பாறைக்கும் இடையே நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு என்பது வாசகர்கள் அறிந்ததே. ஏறும்போது அவ்வண்டி தன் பெயரைக் காப்பாற்றியது. இறங்கும்போது கியர் தானியங்கி நிலையிலேயே இருக்க, ஒவ்வொரு வளைவுக்கும் வேகம் எடுப்பதும் பிரேக்கை அழுத்துவதுமாக அவன் ஓட்டிவந்தான். பதினைந்தாம் வளைவைக் கடந்தபின் காந்தல் நெடி எழுந்தது. அடுத்த இரண்டு வளைவுகளில், “மாமா, பெடல் கீழ போகுதுங்க” என்றான். குரலில் அதுவரை இருந்த மிடுக்கு இல்லை.

கியரைக் கையால் குறைக்கச் சொன்னோம். பெடலை விட்டுவிட்டு அழுத்தச் சொன்னோம். எஞ்சினின் இழுப்பில் வேகம் தணிந்து, ஒன்பதாம் வளைவை ஒட்டிய லோம்ஸ் காட்சிமுனையில் ஒருவழியாக வண்டி நின்றது. முன்சக்கரங்களிலிருந்து புகை. கீழே ஆழியாறு அணை நீர் வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. தமக்கை ஒரு சொல்லும் பேசவில்லை; இறங்கிப் போய்ச் சுவரோரம் அமர்ந்துகொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்துப் பெடல் பழையபடி இறுகிவிட்டது! ஒன்றுமே நடவாததுபோல் இருந்தது. இதில் அஞ்சத்தக்கது இதுதான். கெட்டுப்போன பிரேக் ஆயில், ஆறியபின் நல்ல பிள்ளையாகிவிடும். பட்டறைக்குக் கொண்டுபோனால் குறை தென்படாது. அடுத்த மலை இறக்கம் வரையில் அது காத்திருக்கும்.

அங்கே நிகழ்ந்ததன் காரணம் எளியது. ஒன்றரை டன் எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதனிடம் ஏறத்தாழ 5.8 லட்சம் ஜூல் ஆற்றல் இருக்கிறது. நம் ஊர்ச் சமையலறையில் உள்ள இரண்டு லிட்டர் நீரைக் கொதிக்கவைக்க அது போதும். வேகம் 140 ஆனால் ஆற்றல் ஏறக்குறைய இருமடங்காகி, நான்கு லிட்டர் நீரைக் கொதிக்கவைக்கும். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் இந்த ஆற்றலின் பெரும்பகுதியை டிஸ்க்கும் பேடும் வெப்பமாக ஏற்கவேண்டும். மலை இறக்கமோ வேறு கணக்கு. அதே வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கினால் 73 லட்சம் ஜூலுக்கு மேல் எங்கேனும் கழித்தாக வேண்டும். எஞ்சினின் இழுப்பைப் பயன்படுத்தாவிட்டால் அச்சுமை பெரும்பாலும் பிரேக்கின் தலையில்தான் விழும்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாட் 4 என்னும் தரத்திலுள்ள புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்கவேண்டும். நீர் கலந்தபின் குறைந்தது 155 இருந்தால் போதும் என்று தரவிதியே இடம் கொடுக்கிறது. இடையே உள்ள 75 பாகைதான் நம்மையும் பள்ளத்தையும் பிரிக்கும் சுவர். ஆயில் கொதித்துக் குழாயில் ஆவிக்குமிழ்கள் தோன்றினால், காலின் அழுத்தம் குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். பெடல் தரைக்குப் போகும். பேட் அளவுக்கு மீறிச் சூடேறுவது வேறு நோய். அப்போது பெடல் கல்லாக இருக்கும், வண்டி நிற்காது. முன்னதற்கு மருந்து ஆயில். பின்னதற்கு மருந்து பேட். நோய் அறியாமல் மருந்து வாங்குவோர் பலர்.

மேலும் திறனுக்கென வாங்கப்படும் ஒவ்வோர் உறுப்பும் வண்டியின் வேறொரு பகுதிக்குக் கடன் எழுதிவைக்கிறது. ரீமேப் செய்த கார் அதே நேர்சாலையின் முடிவில் உள்ள வளைவை முன்னிலும் அதிக வேகத்தில் அடைகிறது. அந்த மிகை வேகத்தைக் கழிக்கும் பொறுப்பு பிரேக்குக்கும் டயருக்கும் வந்துசேர்கிறது. மிகை முறுக்குவிசையைத் தாங்கும் பொறுப்பு கிளட்ச்சுக்கு வருகிறது. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் டி.க்யூ. 200 என்னும் ஏழு கியர்ப் பெட்டியின் உலர் கிளட்ச் 250 நியூட்டன் மீட்டர் வரையிலான விசைக்கென அமைக்கப்பட்டது. மென்பொருளைத் திருத்துவோர் எஞ்சினின் எல்லையை மட்டும் பார்த்தால் இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடலாம். கடனைத் தீர்க்க வழி செய்யாமல் வாங்கிய திறன், திறனே அன்று.

ஆகவே, வேகக் காருக்குச் செலவிட நினைப்பவர் முதலில் தேயும் உறுப்புகளுக்குச் செலவிடவேண்டும். மிஞ்சினால் திறனுக்குப் போகவேண்டும் என்பது நம் கருத்து. வரிசையையும் சொல்லிவிடுகிறோம்.

முதல் இடம் டயருக்கு. ஓடுதல், திரும்புதல், நிற்றல் மூன்றும் உள்ளங்கை அளவான நான்கு ரப்பர்த் துண்டுகளின் வழியே நடக்கின்றன. டயருக்குப் பிடிப்பில்லையேல் பெரிய பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும், வண்டியை நிறுத்தாது. டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் பிறந்தது என்று பொருள். பள்ளங்கள் ஆழமாக இருப்பினும் ரப்பர் முதுமையால் இறுகியிருக்கும். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது சட்டத்தின் எல்லை. மழையில் பிடிப்பு அதற்கு முன்பே தளர்ந்துவிடும். வேகக்குறியையும் பார்க்கவேண்டும்: வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270, ஒய் என்றால் 300 கிலோமீட்டர். அந்த வேகத்தில் நாம் போகப்போவதில்லை எனினும், உற்பத்தியாளர் குறித்த குறிக்குக் கீழான டயரை மலிவு கருதி மாட்டுவது தவறு.

இரண்டாம் இடம் பிரேக் ஆயிலுக்கும் பேடுக்கும். ஆயிலை இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான நெறி. பந்தயத் தடத்துக்குப் போகிறவர் இன்னும் அடிக்கடி மாற்றவேண்டும். டாட் 4, டாட் 5.1 இரண்டும் ஓரினம். எண்ணைப் பார்த்து ஏமாந்து டாட் 5-ஐ ஊற்றிவிடக்கூடாது. அது சிலிக்கோன், மற்றவற்றோடு கலவாது. பேடைப் பொறுத்தவரை, மிகச் சிறந்தது எது என்று கேட்பது தவறான கேள்வி. எந்த வெப்பத்துக்குச் சிறந்தது என்பதே சரியான கேள்வி. பந்தயப் பேடுகள் சூடேறினால்தான் கடிக்கும். குளிர்ந்த காலையில் பால்காரரின் சைக்கிள் குறுக்கே வந்தால் அவை உதவா. பல பேடுகளின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் கொண்ட உராய்வுக்குறி அச்சிடப்பட்டிருக்கும். முதல் எழுத்து இயல்பு வெப்பத்தில் உள்ள உராய்வு. இரண்டாவது மிகு வெப்பத்தில் உள்ளது. ஈ என்றால் உராய்வெண் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. முதலெழுத்து உயர்ந்தும் அடுத்தது தாழ்ந்தும் இருந்தால், அது வீட்டில் வீரமும் மலையில் கோழைமையும் காட்டும் பேட். முழு உண்மையையும் அக்குறி சொல்லாது. எனினும் அட்டைப்பெட்டியின் வண்ணத்தைவிட நம்பத்தக்கது.

டிஸ்க்கைத் துளையிட்டதாக மாற்றும் ஆசை பலருக்கு உண்டு. பார்க்க அழகுதான். ஆயின் கடும் வெப்பத்தில் துளையோரங்களில் விரிசல் தோன்றும் இயல்பு அதற்கு உண்டு. துளையற்ற தரமான டிஸ்க், அதில் பொறிக்கப்பட்ட குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே தேயாதவரை, சாலைக்குப் போதுமானது.

மூன்றாம் இடம் ஷாக் அப்சார்பருக்கும் புஷ்களுக்கும். எழுபதாயிரம் கிலோமீட்டர் நம் வேகத்தடைகளில் ஏறி இறங்கிய ஷாக் அப்சார்பரின் மேல், இறுக்கமான குட்டை ஸ்பிரிங்கைப் பொருத்துவது முழங்கால் தேய்ந்தவரின் தலையில் மூட்டையை ஏற்றுவது போன்றது. டயர் தரையை விட்டுத் துள்ளும். துள்ளும் டயர் நிறுத்தாது. ரப்பர் புஷ்ஷுக்கு மாற்றாக இறுகிய பாலியூரித்தேன் புஷ் போடலாமா எனில், பந்தயத் தடத்துக்குப் போடலாம். நாள்தோறும் அலுவலகம் செல்லும் வண்டியில் அதிர்வு முழுவதும் நம் முதுகுக்கு வரும். புதிய ரப்பரே பெரும்பாலோர்க்குப் போதும்.

இவை மூன்றும் செம்மையானபின் ஸ்பார்க் பிளக், கூலன்ட், கிளட்ச் ஆகியவற்றின் நிலை பார்த்து, அதன்பின் ரீமேப்புக்குப் போகலாம். சைலன்சரையும் திறந்த ஃபில்டரையும் நாம் கடைசியிலும் சேர்க்கமாட்டோம். எஞ்சின் அறையின் வெந்த காற்றை உறிஞ்சும் ஃபில்டர் ஓசையைத்தான் கூட்டும்.

இங்கே எதிர்வாதம் ஒன்றுண்டு; அதை மறைத்துச் செல்வது முறையன்று. “தேய்ந்ததை மாற்றுவது பராமரிப்பு, மேம்படுத்துவது மகிழ்ச்சி. மகிழ்ச்சிக்காக வாங்கிய காரில் பராமரிப்பை மட்டும் செய்துகொண்டிருப்பதென்றால் ஏன் வாங்கவேண்டும்?” என்று மருமகன் கேட்டான். நல்ல கேள்வி. கோவைக்காரனுக்கு அதைக் கேட்க உரிமையும் உண்டு. மாருதி 800-இன் எஞ்சினைக் கொண்டே ஃபார்முலா மாருதி என்னும் பந்தயக் காரை அமைத்த கரிவர்தன் வாழ்ந்த ஊர் இது. 1995-இல் அவர் மறைந்தபின், செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் இவ்வூரினரே. ஃபார்முலா மாருதியில் தொடங்கியவரே.

ஆனால் அந்த வரலாறு சொல்வது என்ன? 800 சி.சி.க்கும் குறைவான எஞ்சினை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறை ஓட்டக் கற்றது. திறன் குறைவாக இருந்ததால் எங்கே பிரேக் பிடிப்பது, எங்கே விடுவது என்பதே வெற்றியைத் தீர்மானித்தது. நல்ல டயரும் நல்ல பேடும் போட்ட வண்டி வளைவுக்குள் நுழையும்போது ஓட்டுநருக்குக் கிடைக்கும் உறுதியும் ஒரு மகிழ்ச்சிதான். அது பக்கத்து வண்டிக்காரருக்குத் தெரியாது, அவ்வளவே வேறுபாடு. நம் செலவுகளில் எத்தனை பங்கு பிறர் காணவும் கேட்கவும் செய்யப்படுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால் சைலன்சரின் விலை விளங்கிவிடும்.

சட்டத்தையும் நினைவூட்டவேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தேய்ந்த உறுப்பை அதே தரத்தில் மாற்றுவோர் இதற்கு அஞ்சவேண்டியதில்லை. திறனைக் கூட்டியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காதவர், விபத்து நேர்ந்தால் இழப்பீடு மறுக்கப்படும் நிலைக்கும் ஆயத்தமாக இருக்கவேண்டும். டூப்ளிகேட் உறுப்புகள் தனிக்கவலை. போலிப் பேடும் அசலும் பெட்டியில் ஒன்றுபோல் இருக்கும், மலையில்தான் வேறுபடும். பாதி விலைக்குத் தருபவர் மற்றப் பாதியை எங்கே மிச்சம் பிடித்தார் என்று ஒருகணம் எண்ணிப் பார்த்தல் நன்று.

தமிழ் படித்ததால் பயன் உண்டா என்று கேட்போருக்கும் இங்கே ஒன்று சொல்ல முடியும். புறநானூற்றின் 102-ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியைச் சேம அச்சு என்கிறார். உப்பு வணிகரின் வண்டியில் பாரம் மிகுதி. பூட்டிய காளைகளோ நுகம் பழகாத இளையவை. வழியில் பள்ளமும் வரும், மேடும் வரும். என்ன நேருமென்று அறிந்தவர் இல்லை. ஆகவே அச்சு முறிந்தால் மாற்றுவதற்கென்று இன்னோர் அச்சை அடியில் கட்டிக்கொண்டு போகிறார்கள். இப்பாடலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். உவமை நயம் என்று இரண்டு மதிப்பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தோம். அதனுள் ஒரு வண்டிக்காரரின் அறிவு இருப்பதை லோம்ஸ் காட்சிமுனையில் நின்றபோதுதான் உணர்ந்தோம். மிகுந்த பாரம், பழகாத இளமை, அறியாத இறக்கம் மூன்றும் அன்று நம் வண்டியிலும் இருந்தன. அடியில் கட்டியிருக்கவேண்டியதுதான் இல்லை. உமணர் தம் காசை வண்டியை விரையச் செய்வதற்குச் செலவிடவில்லை. எது முறியும் என்று முன்னரே எண்ணி அதற்குச் செலவிட்டார்கள். அந்த அச்சை வண்டியின் முகப்பில் பிறர் காணக் கட்டவுமில்லை, கீழே கட்டினார்கள்.

மருமகன் பட்டியலைத் திருத்திவிட்டான். நான்கு டயர், முன்பின் பேடுகள், முன் டிஸ்க், ஆயில், நான்கு ஷாக் அப்சார்பர். இரண்டு லட்சத்தில் ஏறத்தாழ முழுவதும் தீர்ந்தது. அவற்றுள் மிகக் குறைந்த விலையுடையது, சில நூறு ரூபாய் பெறும் பிரேக் ஆயில். அன்று நம்மைக் கைவிட்டதும் அதுவே. ரீமேப் ஆசை அவனுக்கு இன்னும் போகவில்லை. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றிருக்கிறோம், மறுக்கவில்லை. வரிசைதான் நம் வழக்கு, ஆசையன்று.

சென்ற மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது பானெட்டைத் திறந்து காட்டினான். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியருகே சிறு தாள் ஒட்டி, மாற்றிய தேதியையும் அடுத்து மாற்றவேண்டிய தேதியையும் எழுதியிருந்தான். தந்தையார் லைனிங் மாற்றிய ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் தேதியையும் பணிமனைப் பேரேட்டில் அப்படித்தான் எழுதிவைப்பார். அவரை அவன் பார்த்ததில்லை. “எப்படியிருக்குதுங்க மாமா வண்டி?” என்று கேட்டான். நாம் விடை சொல்வதற்குள், உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்த தமக்கை சொன்னார்: “இப்ப நிக்குது.”